எதிர்க் கதவுக்கு டொராண்டோ வழி

1

இந்த ஆண்டும் எனக்கு ஓராண்டு கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இன்னொரு பக்கம் நிரம்பிவிட்டது. கடலூரிலிருந்து கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் நான் இந்த ஊருக்கு விருந்தாளிதான். ஆண்டுதோறும் கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வதிவிட விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

அதற்கு முதல் வேலை, நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று கிராம சேவகரிடம் எழுதி வாங்குவது. நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் புல் முளைக்கவும் இடமில்லை, திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடி. ஆனாலும் அவர் கிராம சேவகர்தான். இந்த முறை இருந்தவர் இளைஞர், சிங்களவர், நல்ல மாதிரி. பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தனியமத?" என்றார்.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டினேன். முத்திரையைக் குத்திவிட்டு, என் கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

விசா கைக்கு வந்த அன்று சாயங்காலம் மெல்பர்னிலிருந்து என் மகள் நித்யா கூப்பிட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். எனக்குக் கொழும்புத் தமிழ் ஒட்டிக்கொண்டது போக, அவளுக்கு இப்போது அதுவும் கரைந்துகொண்டிருக்கிறது. பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டு, மீதியை எனக்காகத் தமிழுக்கு இழுத்து வருவாள். விசா கிடைத்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பழைய பல்லவியை எடுத்தாள்.

"அம்மா, நான் சண்ட பிடிக்கல்ல. ஒரே ஒரு பேர் சொல்லுங்க. உங்களுக்கு ஏதும் எண்டா அந்த பில்டிங்ல கதவத் திறந்து பாக்கிற ஒராள். பேரச் சொன்னா நான் வாயத் திறக்க மாட்டன். இல்லாட்டி டிசம்பர்ல நான் வந்து வீட்டப் பூட்டிட்டு உங்களக் கோயம்புத்தூர்ல அந்த ஹோம்ல விட்டுட்டுத்தான் போவன்."

கோயம்புத்தூரில் முதியோருக்கென்று தோட்டத்தோடு வீடுகள் கட்டியிருக்கிறார்களாம். அவள் படங்கள் அனுப்பியிருந்தாள். எல்லாப் படத்திலும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடலூர்க்காரியான எனக்குக் கோயம்புத்தூரும் இன்னொரு வெளியூர்தான் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்தியா என்றால் அவளுக்கு ஒரே ஊர்.

"சொல்றேன்" என்று ஃபோனை வைத்தேன். சொல்ல ஒரு பெயர் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்புவரை இருந்தது.

2

நித்யாவின் கேள்வியை அவளுக்கு முன்பே ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். தர்ஷினி என்று பெயர், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பேரிடர் வந்தால் எந்தெந்தத் தெரு எவ்வளவு தாக்குப்பிடிக்கும், எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கும் என்று அளக்கும் வேலை அவளுக்கு. போன வருஷம் மழைக் காலத்துக்கு முன்னால் கையில் ஒரு டேப்லெட்டுடன் எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். 'சமூக மீண்டெழும் திறன் கணிப்பீடு' என்று அதில் தலைப்பு. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்து, "அது ரிசிலியன்ஸ் அன்டி" என்று எனக்கு விளங்க வைத்தாள்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு யாரும் கதவு திறக்கவில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள், வெளியே கம்பிக் கதவு, உள்ளே மரக் கதவு. அழைப்பு மணியை அடித்தால் மரக் கதவு ஒரு சாண் திறக்கும், கம்பிக் கதவு திறக்காது. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து முதியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த வீடுகளில் தனியாகவோ ஜோடியாகவோ இருக்கிறார்கள். எல்லோரும் புறப்பட்டுப் போகிற இடத்துக்குத்தான் நான் ஒருத்தி புலம்பெயர்ந்து வந்திருக்கிறேன்.

"அன்டி, நீங்க கூட வந்து நிண்டா திறப்பாங்க" என்றாள் தர்ஷினி. எனக்கும் வேறு வேலை இல்லை. போனேன். அப்போதும் கம்பிக் கதவு திறக்கவில்லை, ஆனால் பதில் வந்தது.

ஜெனரேட்டர் இருக்கிறதா? இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி? இருக்கிறது. படித்தவர்கள்? ஒரு வீடு விடாமல். தர்ஷினியின் டேப்லெட்டில் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின. நாலாம் மாடியில் என் எதிர்வீட்டுக்கு வந்தோம். அங்கே பரமேஸ்வரி டீச்சர் இருந்தார். எழுபதைக் கடந்தவர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். லிப்டில் பார்த்தால் சிரிப்போம். பல வருஷமாக அந்த ஒரு சிரிப்புதான் எங்கள் பழக்கம்.

"டீச்சர், வெள்ளம், நெருப்பு மாதிரி ஏதும் நடந்தா முதல்ல யாருக்குக் கோல் எடுப்பீங்க?"

"மகனுக்கு" என்றார் டீச்சர் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து.

"மகன் எங்க இருக்கிறார்?"

"ரொறன்ரோவில." டொராண்டோவுக்கு யாழ்ப்பாணத்து உச்சரிப்பு.

தர்ஷினி அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டேப்லெட் நகராது. "அவர் வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

டீச்சர் கணக்கு டீச்சர் அல்லவா, கேள்வியை மதித்து யோசித்தார். "நேரடி பிளைட் இல்லைத்தானே. டுபாயில மாறி வரவேணும். ஒண்டரை நாள் எண்டு போடுங்கோ பிள்ளை."

அவர் கேலி செய்யவில்லை. மற்ற மாடிகளிலும் இதேதான். ஐந்தாம் மாடிக்கு சுவிஸ், இரண்டாம் மாடிக்கு லண்டன். மூன்றாம் மாடியில் ஹனீபா நானா. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன்தான். அவரும் தோஹாவில் இருக்கும் மகனின் எண்ணைத்தான் கொடுத்தார். கட்டடம் தீப்பிடித்தால் உலகம் முழுவதும் மணி அடிக்கும், எங்கள் படிக்கட்டில் மட்டும் யாரும் ஏறி வர மாட்டார்கள். படியிறங்கும்போது நானும் தர்ஷினியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் என் முறை வந்தது. அவ்வளவு சிரித்துவிட்டு மெல்பர்ன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அத காலியா விட்டுடும்மா."

"காலியா விடேலாது அன்டி, சிஸ்டம் எடுக்காது." ஒரு கோடு போட்டு அடுத்ததற்குப் போனாள். பிறகு தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாள். "முகத்துவாரத்தில ஒரு தோட்டத்துக்குப் போனோம் அன்டி, நெருக்கமான குடிசை வீடுகள். ஆத்துத் தண்ணி வருஷா வருஷம் உள்ளுக்கு வாற இடம். இந்தக் கேள்விய நான் முடிக்க முதல் நாலு பேர் வாசல்ல வந்து நிக்கிறாங்க, நான் வருவன், நான் வருவன் எண்டு. மத்த எல்லாத்திலயும் முட்டைதான். ஒழுங்கான கூரை ஒண்டு இல்ல."

எங்கள் கட்டடத்துக்கு மொத்தத்தில் 'நன்று' வந்ததாகப் பிறகு சொன்னாள்.

3

தர்ஷினி சொன்ன மாதிரியான இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீடு. என் கணவர் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதினார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். நான் பருப்பைத் தீய விட்டால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அடுப்பப் பாரும்மா" என்று குரல் வரும். நாங்கள் சண்டை போட்டால் மறுநாள் காலையில் யார் பக்கம் நியாயம் என்று மூன்று வீட்டில் தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். எனக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாழ ஒரு இடம் கிடைக்காதா என்று அவரை நச்சரித்திருக்கிறேன்.

ஒரு மத்தியான வேளையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நான் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அதற்குள் வீடு நிறைய ஆட்கள். நாற்காலியோடு தூக்கினார்கள். சந்து முனையில் த்ரீவீலர் தயாராக நின்றது. ஆட்டோவுக்கு இங்கே அந்தப் பெயர். யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை தெரியாது. பொரளைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் பிழைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கொட்டாஞ்சேனையைப் பற்றி நான் அழகாகக் கதை கட்டுவதாக ஆகிவிடும். அத்தனை பேர் ஓடி வந்தும் அவர் போய்விட்டார். ஆனால் காரியம் முடிகிற வரைக்கும் அந்தத் தெரு என்னைச் சமைக்க விடவில்லை, தனியாக உட்கார விடவில்லை. தனியாக அழ விட்டால் போதும் என்று அப்போது எரிச்சல்கூட வந்தது.

பிறகு நித்யா வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, பாதுகாப்பான இடம் என்று வெள்ளவத்தையில் இந்த வீட்டை வாங்கினாள். கேட் உண்டு, கேமரா உண்டு, காவலுக்கு சுனில் உண்டு. நான் ஆசைப்பட்ட மாதிரியே கதவைச் சாத்திக்கொள்ளலாம். அவள் மெல்பர்ன் போனாள். நான் சாத்திக்கொண்டேன்.

4

அந்த ஆண்டு மழை, கணிப்பீடு முடிந்த சில வாரங்களில் வந்தது. இரவெல்லாம் கொட்டி, விடிந்த பிறகும் நிற்கவில்லை. எங்கள் சந்து ஒரு கால்வாயில் போய் முடிகிறது. காலையில் பால்கனியிலிருந்து பார்த்தபோது சந்து எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கரண்ட் போனது. தர்ஷினி மதிப்பெண் போட்ட ஜெனரேட்டர் நிலத்தடியில் வைத்திருந்தது, முதலில் முங்கியது அதுதான். லிப்ட் நின்றது. மோட்டார் இல்லாததால் குழாயும் நின்றது.

நான் வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் தேநீர் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் சுனில், இடுப்புவரை நனைந்து, மூச்சு வாங்க நிற்கிறான். "இக்மனட்ட, இக்மனட்ட" என்று அவசரப்படுத்தி எதிர்க் கதவைக் காட்டினான்.

என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு நான் புரிந்துகொண்டது இதுதான். பரமேஸ்வரி டீச்சர் வீட்டுக்குள் விழுந்துவிட்டார். கழுத்தில் ஒரு சின்னப் பையில் ஃபோன் தொங்குகிறது, மகனின் ஏற்பாடு. அதில் டொராண்டோவுக்கு அடித்திருக்கிறார். அங்கே நடு இரவு. மகன் எழுந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் சொந்தக்காரப் பையனுக்கு அடித்திருக்கிறார். அவன் தெருவிலும் தண்ணீர், வர வழியில்லை. அவன் சுனிலுக்கு அடிக்க, சுனில் வெள்ளத்தில் நீந்தாத குறையாக வந்து நாலு மாடி ஏறி என் கதவைத் தட்டியிருக்கிறான். என் கதவுக்கும் டீச்சர் கதவுக்கும் நடுவில் ஒரு கால்மிதி போடத்தான் இடம் இருக்கிறது.

ஓடிப்போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஆர் அது?" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல்.

"எதிர்வீடு, டீச்சர்."

"இந்தியாக்கார அம்மாவோ?"

"ஆமாம். எங்க விழுந்தீங்க? அடி பட்டிருக்கா?"

"பாத்ரூம் வாசல்ல கிடக்கிறன். இருட்டு, வாளியோட சறுக்கிப்போட்டுது. இடுப்ப அசைக்க ஏலாமக் கிடக்கு."

"சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"திறப்போ? ஒண்டு கொட்டாஞ்சேனைப் பெடியனிட்டக் கிடக்கு. அவசரத்துக்கு எண்டு மகன்தான் குடுத்து வைச்சவர்."

அவசரத்துக்கான சாவி, வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. பூட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும் என்று சுனில் மூன்றாம் மாடிக்கு ஓடினான், ஹனீபா நானா வீட்டுக்கு. நான் கதவடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. மனத்தில் இருந்த கோபம்தான் வாயில் வந்தது.

"ஏன் டீச்சர், ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? இங்கதானே உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன்."

கம்பிக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். மயங்கிவிட்டாரோ என்று பயந்தேன். பிறகு குரல் வந்தது.

"என்னெண்டு கத்துறது? உங்கட பேர் எனக்குத் தெரியாதெல்லோ."

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. வருஷக்கணக்காக ஒரே லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். அவர் கதவில் பெயர்ப் பலகை இருந்ததால் அவர் பெயர் எனக்குத் தெரியும். என் கதவில் இன்னும் பழைய வீட்டுக்காரர் பெயர்தான்.

"வசந்தா" என்றேன் கதவைப் பார்த்து.

"வசந்தா" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நீங்கள் இந்தியாவில எவடம்?"

கடலூர் என்றேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், எத்தனையாம் எண் என்று பார்த்துவிட்டு அம்மா அரிசி மூட்டையைப் பரணுக்கு ஏற்றச் சொல்லுவாள் என்றெல்லாம் சொன்னேன். அவர் தன் கணவர் மன்னாரில் வேலை பார்த்த கதையைச் சொன்னார், நடுநடுவே வலியில் நிறுத்தி நிறுத்தி. ஹனீபா நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுத்தியலோடு வந்து பூட்டை உடைக்கும்வரை நாங்கள் பேசினோம். அதற்கு முன் அந்தக் கட்டடத்தில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

5

இடுப்பில் விரிசல்தான், முறிவு இல்லை. டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே என்னிடம் ஒரு சாவி கொடுத்தார். நானும் கொடுத்தேன். அவர் அதைக் கழுத்துப் பையில் ஃபோனோடு போட்டுக்கொண்டார்.

கூடை யோசனை அவருடையதுதான். காலையில் எங்கள் சந்துக்கு ஒரு பாண் த்ரீவீலர் வரும். பாண் என்றால் ரொட்டி. ஒலிபெருக்கியில் ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வரும். அது கேட்டதும் முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். காசைப் போட்டு இறக்கினால் பாணும் பணிஸும் மேலே வரும். டீச்சர் கட்டடத்துக் கூட்டத்தில் ஊன்றுகோலோடு எழுந்து நின்று, வகுப்பில் பேசுவது போலப் பேசினார்.

"எல்லாரும் வடிவாக் கேளுங்கோ. காலமை உங்கட கூடைய இறக்கேக்க பக்கத்துக் கூடையையும் பாருங்கோ. ஆற்றயாவது கூடை இறங்கேல்லை எண்டா போய்க் கதவத் தட்டுங்கோ. மகனுக்கு அடிக்கிறது பிறகு."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மாதங்களில் அது நடந்தது. ஐந்தாம் மாடிக்காரர் ஒருநாள் தூங்கிப்போனதற்கு இரண்டு பேர் போய்த் தட்டி எழுப்பிவிட்டார்கள், பாவம். என் கூடைக்கு மஞ்சள் கயிறு, டீச்சர் கூடைக்கு நீலம். ஊரில் கூண்டு மேலே ஏறினால் ஆபத்து. இங்கே கூடை கீழே இறங்கினால் சுகம். நான் சொன்னதும் டீச்சர் சிரித்தார்.

அப்போதுதான் நித்யாவிடம் பெருமையாகப் பெயர் சொன்னேன். எதிர்வீட்டு டீச்சர், சாவியே அவர் கையில்தான் என்றேன். சொன்னபடி அவளும் வாயைத் திறக்கவில்லை.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் டொராண்டோவிலிருந்து மகன் வந்தார். இடுப்பில் அடிபட்ட தாயை இனித் தனியாக விட முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நித்யா சொல்வதையேதான் அவரும் சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. புறப்படும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாண் வாற நேரம் அங்க இரவுச் சாப்பாட்டு நேரம் பிள்ளை. நான் அடிப்பன்" என்றார். வேன் போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் மறந்துபோனது தெரிந்தது. என் வீட்டுச் சாவி அவர் கழுத்துப் பையிலேயே போய்விட்டது.

சொன்னபடி தினமும் அடித்தார். பாண் மெட்டுக் கேட்கும், அதோடு ஃபோனும் அடிக்கும். "கூடை இறக்கிட்டியளோ?" "இறக்கிட்டேன் டீச்சர்." சித்திரையிலும் பனி கொட்டுவதை, மருமகள் நல்லவள் என்பதை, பகலில் வீட்டில் யாரும் இல்லை என்பதைச் சொல்லுவார். இங்கே ஒவ்வொரு கூடையாக நின்றது. ஐந்தாம் மாடிக்காரர்களை சுவிஸ் கூட்டிக்கொண்டது. மற்றவர்கள் ஃபோனில் சாமான் வரவழைக்கப் பழகினார்கள். போன மாதம் ஒருநாள் கீழே பார்த்தபோது சந்தில் மஞ்சள் கயிறு ஒன்றுதான் தொங்கியது.

அந்தக் காலை எனக்கு ரொம்பத் தனியாக இருந்தது. டீச்சர் போன அன்றுகூட அப்படி இல்லை.

6

விசா வந்த அதே வாரம் தர்ஷினியும் மறுபடி வந்தாள். மழைக்குப் பிறகு தெருக்கள் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். இந்த முறை நான் கூடப் போகவில்லை. அவளே எல்லா வீட்டுக்கும் போய்விட்டு, கடைசியில் என் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தாள். கேள்விகள் வரிசையாக வந்தன. அந்தக் கேள்வியும் வந்தது.

"பரமேஸ்வரி டீச்சர்" என்றேன்.

விரல் நின்றது. "அவங்க கனடாவிலல்லோ அன்டி?"

"ஆமாம்."

"அன்டி, நாங்க இதுக்குத்தானே அண்டைக்கு அவ்வளவு சிரிச்சோம்?"

"தெரியும். எழுதும்மா."

எழுதினாள். வந்து சேர எவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை, தானே எதையோ அழுத்திவிட்டாள்.

அவள் போன பிறகு எனக்கு ஆறவில்லை. இவர்கள் என்ன அளப்பது, நானே அளந்து பார்க்கிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. மறுநாள் காலையில் பாண் மெட்டுக் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூடையை எடுக்கவில்லை. மெட்டு எங்கள் வாசலில் கொஞ்சம் நின்று, கால்வாய்ப் பக்கம் போய்த் திரும்பி, தெருவுக்குப் போய்விட்டது. ஃபோன் அடித்தது. டீச்சர்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்து ஓய்ந்தது. டீச்சரிடம் இப்படி விளையாடுகிறோமே என்று இருந்தது. ஆனாலும் யாராவது படியேறி வருகிறார்களா என்று தெரிந்தாக வேண்டும் என்ற வெறி அதைவிடப் பெரிதாக இருந்தது. வயதான பொம்பளை செய்கிற காரியமா இது?

தேநீர் ஆறிப்போனது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவு உடைந்துவிடும் போலத் தட்டினார்கள்.

திறந்தேன். ஹனீபா நானா. கடைக்குப் புறப்பட்ட உடுப்பு, ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் ஃபோன்.

"அக்கா, நல்லா ஈக்கிறீங்கதானே?" என்றார். மூச்சு இரைத்தது.

"இருக்கேன் நானா. கூடைய பாத்தீங்களா?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "இல்ல அக்கா, பொய் சொல்ல ஏலா. நான் கடைக்கிப் போற அவசரம், மேல பாக்கவே இல்ல. டீச்சர்தான் கோல் எடுத்தாங்க. வசந்தா ஃபோன் எடுக்கல்ல, அப்ப கூடையும் இறக்கியிருக்க மாட்டா, சுத்தியலோட ஓடுங்க எண்டு." ஃபோனை என்னிடம் நீட்டினார். "லைன்லதான் ஈக்கிறாங்க."

காதில் வைத்தேன். "வசந்தா" என்றார் டீச்சர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா பார்க்கிறார் என்றும் தோன்றவில்லை. கட்டடத்தில் ஒருவர் கண்ணிலும் படாத என் கூடை, கடல்களுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"தூங்கிட்டேன் டீச்சர்" என்று பொய் சொன்னேன்.

"பரவாயில்லை. பயந்து போனன். உங்கட திறப்பு இஞ்ச என்ர கழுத்திலயெல்லோ கிடக்குது. பார்சல்ல அனுப்பி விடட்டோ?"

"வேண்டாம் டீச்சர். உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஹனீபா நானா சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பாண் வேண்டுமா, கடைக்குப் போகும் வழியில் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவரையும் அனுப்பினேன். அன்றே காலி வீதி என்ற எங்கள் பெரிய தெருவுக்குப் போய் இன்னொரு சாவி வெட்டி, மூன்றாம் மாடியில் இறங்கி அவர் மனைவியிடம் கொடுத்தேன். என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

ராத்திரி நித்யா கூப்பிட்டாள். டிசம்பருக்கு டிக்கெட் பார்க்கட்டுமா என்றுதான் ஆரம்பித்தாள்.

"பேர் சொல்றேன், எழுதிக்க" என்றேன். "ஹனீபா. மூணாம் மாடி."

அவள் எதிர்பார்க்கவில்லை. தர்ஷினியைப் போலவே கேட்டாள். "ஏதும் எண்டா எவ்வளவு நேரத்தில வருவாரு?"

"டொராண்டோவுல இருந்து ஃபோன் வந்ததும் வந்துடுவார்."